பழைய குழு மறுபடி மேடையேறினால்: சென்னை சபாவா, மதுரை அரங்கமா, திருவிழாக் கொட்டகையா?

பிரிந்துபோன ஒரு நகைச்சுவைக் குழு பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடி மேடையேறுகிறது என்று செய்தி வந்தால், சென்னை ரசிகருக்கு ஒரே கவலைதான்: டிக்கெட் கிடைக்குமா? மதுரையில் இருப்பவருக்குக் கவலைகள் கூடுதல். ரயிலேறிப் போய் அங்கேயே பார்த்துவிடுவதா, என்றைக்காவது மதுரைக்கு வருவார்கள் என்று காத்திருப்பதா, யாராவது பதிவுசெய்து வெளியிட்டதும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா? இந்த மூன்றோடு நான் நான்காவதாக ஒன்றையும் சேர்ப்பேன். அது மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம். அதை ஏன் இந்த வரிசையில் வைக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுகூடல் நிகழ்ச்சிக்கு நாம் எதற்காகப் போகிறோம்? புதிய நகைச்சுவைக்காக இல்லை என்பது உறுதி. 2014 ஜூலையில் பிரிட்டனின் மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழு லண்டனின் ஓ டூ அரங்கில் மீண்டும் கூடியபோது நடந்ததைப் பாருங்கள். 1969 முதல் 1974 வரை பிபிசி தொலைக்காட்சியில் வந்த தொடரின் ஆறு பேரில் கிரஹாம் சாப்மேன் 1989-இலேயே மறைந்துவிட்டார். மீதி ஐவரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். முதலில் ஒரே ஒரு காட்சியைத்தான் அறிவித்தார்கள். டிக்கெட்டுகள் 43.5 விநாடிகளில் தீர்ந்துபோக, கடைசியில் அது பத்துக் காட்சிகளாக வளர்ந்தது. அங்கே நடித்தவற்றில் பெரும்பாலானவை நாற்பது ஆண்டுப் பழைய துணுக்குகள். செத்த கிளியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வருபவரின் சண்டை எப்படி முடியும் என்பது அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் அதில் நடித்த ஜான் கிளீஸும் மைக்கேல் பாலினும் அந்தக் காட்சியில் தங்கள் சிரிப்பையே அடக்க முடியாமல் தடுமாறியதை எந்தப் பழைய ஒளிப்பதிவிலிருந்தும் யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் அத்தனை பேரும் அங்கே போயிருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

மேடை நகைச்சுவையில் வசனம் பாதிதான். வசனத்தைச் சொல்லிவிட்டு நடிகர் நிற்கும் அந்தச் சில நொடிகள்தான் மறுபாதி. சிரிப்பு எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வரியை எடுக்க வேண்டும். முந்தினால் அந்த வரி சிரிப்பில் மூழ்கிவிடும். பிந்தினால் மேடை ஆறிவிடும். தனி ஆளாக இதைப் பழகுவதே கடினம். ஒரு குழுவில் ஐந்தாறு பேர் ஒரே மூச்சில் அந்த நிறுத்தத்தைக் கணிக்க, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நடித்திருக்க வேண்டும். இடையில் பல ஆண்டுகள் பிரிந்திருந்தவர்களிடம் அந்தக் கணிப்பு இன்னும் இருக்கிறதா என்பதுதான் ஒன்றுகூடலின் உண்மையான பரபரப்பு. ஆகவே எந்த வழியில் பார்ப்பது என்று முடிவு செய்ய எனக்கு ஒரே அளவுகோல்தான்: நம் சிரிப்பு நடிகரின் காதில் விழுகிறதா? விழுந்தால் அவர் அதற்காக நிற்கிறாரா?

இந்த அளவுகோலின்படி சென்னை சபாவுக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மதுரைக்காரர்கள் இந்த நாடகங்களை எப்படி அறிந்துகொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் தலைமுறைக்கு அவை பெரும்பாலும் காது வழியாகத்தான் வந்தன. எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா குழு நாடகங்கள் ஒலிநாடாக்களாக வீடு வீடாகப் போயின. தெற்கே பல வீடுகளில் மொட்டை மாடி ஆன்டெனாவை இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி பக்கம் திருப்பி வைத்திருந்த காலம் அது. கொடைக்கானலில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் சென்னைத் தொலைக்காட்சியின் நாடகங்கள் எங்கள் வீடுகளுக்குள் ஒழுங்காக வந்தன. அதுவரை கேசட்தான் எங்கள் சபா. அந்தக் கேசட்டில் நடிகர்களின் குரலோடு சென்னைக் கூட்டத்தின் சிரிப்பும் பதிவாகியிருக்கும். எந்த வரிக்கு எவ்வளவு நேரம் சிரித்தார்கள், எந்த இடத்தில் ஒரு பெண்மணியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது என்பதுவரை எங்கள் சித்தப்பாவுக்கு மனப்பாடம். வசனத்தோடு அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் அவர் சொல்லிக்காட்டுவார்.

அப்படிப்பட்டவர் நாரத கான சபாவிலோ வாணி மகாலிலோ போய் உட்காரும்போது, கேசட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது மாதிரி இருக்கிறது. அக்கம்பக்கத்து நாற்காலிகளில் அந்தக் குழுவின் நாடகங்களை முதல் காட்சியிலிருந்து பார்த்தவர்கள் இருப்பார்கள். பாத்திரம் உள்ளே நுழைந்ததுமே, வாய் திறக்கும் முன்பே, சிரிப்பு தொடங்கிவிடும். நடிகர்களும் அந்தக் கூட்டத்தின் மூச்சை அறிந்தவர்கள். வேகமான சொல்விளையாட்டுகளை அவர்கள் அங்கே தயங்காமல் அடுக்குவார்கள். தவறவிட்டவருக்கு அடுத்த நாற்காலிக்காரர் மெதுவாக எடுத்துக்கொடுப்பார். கிரேசி மோகன் பாணி நாடகத்தில் இது மிகவும் முக்கியம். ஒரு வரிக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தேர்ந்த கூட்டம் வாயை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றிருக்கும்.

ஆனால் பயணத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. காலையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பிற்பகலில் எழும்பூர் போய்ச் சேரலாம். மாலை ஏழு மணி நாடகத்துக்கு அது தாராளம். சிக்கல் திரும்பும்போதுதான். நாடகம் முடிய ஒன்பது மணி தாண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஒன்பதரைக்குச் சற்றுப் பிறகு எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடும். மயிலாப்பூரிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ அந்த ரயிலைப் பிடிக்க வேண்டுமானால், கடைசிக் காட்சியின்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைதட்டலுக்குக்கூட நிற்காமல் எழுந்து ஓட வேண்டியிருக்கும். ஒன்றுகூடல் நிகழ்ச்சியில் அது பெரிய இழப்பு. திரை விழுந்த பிறகு நடிகர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நின்று, ஒருவரையொருவர் அறிமுகப்படுத்தி, மறைந்தவர்களின் பெயரைச் சொல்லும் அந்தக் கடைசி நிமிடங்கள் நாடகத்தைவிடக் கனமானவை. அரசுப் பேருந்து என்றால் இப்போது கிளாம்பாக்கம் வரை போக வேண்டும். ஆகவே சென்னைக்குப் போவதாக இருந்தால் இரவு அங்கேயே தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொண்டு போவதுதான் சரி. டிக்கெட் விலையைவிடப் பயணமும் தங்குமிடமும் சேர்ந்த செலவு பல மடங்கு வந்து நிற்கும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது சாதாரணத் தொகை இல்லை.

இன்னொன்று, நாள். டிசம்பரில் சென்னை சபாக்கள் இசைக்குப் போய்விடும். கோடையில்தான் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழா மாதிரியானவை நடக்கின்றன. ஏப்ரலில், அதாவது மதுரையில் சித்திரைத் திருவிழா நெருங்கும் நேரத்தில். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வீட்டை விட்டு வெளியூர் போக எந்த மதுரைக்காரரின் மனம் ஒப்பும்? வீடு நிறைய உறவினர் வந்திருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு நாடகம் பார்க்கப் போகிறேன் என்று எங்கள் வீட்டில் சொல்ல முடியாது.

மதுரை அரங்கத்துக்கு வருவோம். குழு இங்கே வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஓரிடத்தில்தான் நடக்கும்: தல்லாகுளம் பக்கம் இருக்கும் லட்சுமி சுந்தரம் ஹால், அல்லது ராஜா முத்தையா மன்றம். இரண்டில் எதுவானாலும் ஒன்றுதானே என்று நினைத்துவிடக் கூடாது. சொல்விளையாட்டை நம்பிய நாடகத்துக்குச் சிறிய அரங்கமே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பெரிய அரங்கில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் வசனம் மங்கிவிடுகிறது. பின்வரிசையில் இருப்பவர்கள் முன்வரிசையின் சிரிப்பைக் கேட்டுத்தான் வசனம் முடிந்ததையே அறிகிறார்கள். உடல்மொழியை நம்பிய நகைச்சுவைக்கு, மிமிக்ரிக்கு, பாட்டும் கூத்தும் கலந்த நிகழ்ச்சிக்குப் பெரிய அரங்கம் பொருந்தும். குழு எது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற அரங்கில் நடத்தச் சொல்லி அமைப்பாளர்களிடம் கேட்பதில் தவறே இல்லை. அதே குழு, அதே நாடகம், இரண்டு அரங்கங்களில் இரண்டு விதமாகிவிடும்.

மதுரைக் கூட்டத்தின் குணம் வேறு. இங்கே மக்களின் காதைப் பழக்கியது பட்டிமன்றம். அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்த மேடைகளில், ஒரு நல்ல மறுமொழிக்குச் சிரிப்பு வருவதற்கு முன்பே கைதட்டல் வந்துவிடும். சபாக்காரர் சிரித்துவிட்டு அமைதியாகும் இடத்தில் மதுரைக்காரர் கைதட்டி, பக்கத்தில் இருப்பவரிடம் அந்த வரியைத் திருப்பிச் சொல்வார். சென்னையில் பழகிய நடிகருக்கு இது முதல் பத்து நிமிடங்கள் திகைப்பாக இருக்கும். அவர் கணித்து வைத்திருக்கும் நிறுத்தம் போதாமல் போகும். பிறகு அவர் நிறுத்தத்தை நீட்டுவார். அந்த மாற்றம் நம் கண்ணெதிரே நிகழ்வதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். மயிலாப்பூர்ப் பேச்சுவழக்கில் அமைந்த ஒரு வரிக்கு இங்கே சிரிப்பு குறையலாம். மாமியார் மருமகள், கடன் கொடுத்தவர் வாங்கியவர் பற்றிய சாதாரண வரிக்குச் சென்னையில் கிடைக்காத சிரிப்பு எழலாம். நாற்பது ஆண்டுகளாக ஒரே வசனத்தைச் சொல்லி வந்தவர்கள் ஓர் இடத்தில் எதிர்பாராமல் நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் கணம் அப்போதுதான் வாய்க்கிறது. சபாவில் அவர்கள் பழைய கூட்டத்தைச் சந்திக்கிறார்கள். இங்கே பழைய நாடகத்தைப் புதிதாகச் சந்திக்கிறார்கள்.

காத்திருப்பதில் உள்ள ஆபத்து பெரியது. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கிரேசி மோகன் 1979-இல் தொடங்கிய கிரேசி கிரியேஷன்ஸ் குழு, அவர் 2019 ஜூன் 10 அன்று மறைந்த பிறகும் தம்பி மாது பாலாஜியோடு மேடையேறிக்கொண்டுதான் இருக்கிறது. வசனங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்த வசனங்களை எழுதியவரே மேடையில் நின்று, தன் வரிக்கு எழும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே அடுத்த வரியைத் தொடும் அனுபவம் இனி யாருக்கும் கிடைக்காது. லண்டனில் கூடிய ஐவரில் டெரி ஜோன்ஸ் 2020-இல் போய்விட்டார். அந்தப் பத்து இரவுகளைத் தவறவிட்டவர்களுக்கு ஐவரும் சேர்ந்து நிற்கும் இன்னொரு மேடை இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டிகள் வழியாகத் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தவர்களில் மதுரை முத்துவும் ரோபோ சங்கரும் இந்த மண்ணிலிருந்து போனவர்கள். உடல் முழுக்க உலோக நிறம் பூசிக்கொண்டு இயந்திர மனிதனைப் போல ஊர் ஊராக மேடையில் ஆடித்தான் சங்கர் அந்தப் பெயரைப் பெற்றார். அந்தத் தலைமுறை நகைச்சுவைக் கலைஞர்கள் எல்லோரும் தமுக்கத்தில் ஒரே மேடையில் கூட வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. 2025 செப்டம்பரில் சங்கர் மறைந்த பிறகு, அந்த மேடை கூடினாலும் ஓரிடம் காலியாகவே இருக்கும். ஆகவே குழுவில் மூத்தவர்கள் இருந்தால், இன்னும் ஓராண்டில் மதுரைக்கு வருவார்கள் என்று யாராவது சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இப்போது திருவிழாக் கொட்டகை. மற்ற மூன்றோடும் இதை எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பவர்கள் ஸ்பெஷல் நாடகம் அமையும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இதில் நிலையான குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியே பேசி அமர்த்துகிறார்கள். ஒத்திகை இல்லை. அவரவர் ஊரிலிருந்து வந்து மேடைக்குப் பின்னால் ஒப்பனை போட்டுக்கொள்ளும்போதுதான் சந்திக்கிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த பாடல்களும் கதைப்போக்கும் எல்லோருக்கும் பாடம் என்பதால், நேற்று வேறு ஊரில் வேறொருவரோடு நடித்தவர் இன்று இவரோடு வள்ளி திருமணத்தைத் தொடங்கிவிட முடிகிறது. ஒவ்வோர் இரவும் ஒன்றுகூடல்தான். முன்பு எத்தனையோ இரவுகள் சேர்ந்து நடித்த பபூனும் டான்ஸ்காரரும் பல மாதங்கள் கழித்து ஒரே மேடையில் சந்தித்தால், அந்த மகிழ்ச்சி அவர்களின் சண்டையிலேயே தெரியும்.

இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து நின்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மேடை அவருடையது. பாடுவார், ஊர்ப் பெரியவர்களை வணங்குவார், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சிறுவர்களோடு பேசுவார். பிறகு டான்ஸ்காரர் வருவார்; வழியில் இருவரும் மோதிக்கொள்வதிலிருந்து பாட்டுச் சண்டை தொடங்கும். இந்தக் காட்சி தலைமுறைகளாக இப்படியேதான் நடக்கிறது. பார்ப்பவர்கள் அனைவருக்கும் அது தெரியும். தெரிந்தும் காத்திருக்கிறார்கள், ஏனென்றால் இன்றைய பபூன் அந்த மோதலை எப்படி விளையாடுவார் என்பது தெரியாது. என் அளவுகோலில் இதற்கு ஈடே இல்லை. நடிகருக்கும் முதல் வரிசைக்கும் இடையே நான்கைந்து அடிதான் இடைவெளி. நம் சிரிப்பு அவர் காதில் விழுவது மட்டுமில்லை, அவர் அதற்குப் பதிலே சொல்கிறார். யாராவது இருமினால் அதுவும் நாடகத்துக்குள் வந்துவிடும். ஆர்மோனியக்காரர் பக்கத்தில் இருந்து ஒரு சொல் எடுத்துக்கொடுத்துச் சிரிப்பை இன்னொரு சுற்று நீட்டுவார்.

டிக்கெட்டும் கிடையாது. ஊர் வரியிலோ ஒருவரின் நேர்த்திக்கடனிலோ செலவு முடிந்துவிடுகிறது. பங்குனி தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். குறை என்றால், சில இரவுகளில் இரட்டைப் பொருள் வசனம் எல்லை தாண்டிப் போகும். குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் சங்கடப்படுவார்கள். பெண் கலைஞர்களை நோக்கிக் கூட்டத்திலிருந்து எழும் கூச்சல் சில இடங்களில் வேதனை தரும். அவர்கள் எத்தனை பெரிய கலைஞர்கள் என்பதை அறிந்து மரியாதை கொடுக்கும் ஊர்களும் உண்டு. அத்தகைய ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். விடியும்வரை உட்கார முடியாதவர்கள் நள்ளிரவு வரை இருந்தாலே நகைச்சுவையில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதிலும் சிரிப்பு இருக்கிறது, கொஞ்சம் உயரத்தில்.

பதிவைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. லண்டன் நிகழ்ச்சியின் கடைசி இரவை, 2014 ஜூலை 20 அன்று, பல நாடுகளில் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பினார்கள். கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கும் பாதி இன்பம் அதில் கிடைத்திருக்கும். ஆனால் திரையரங்கில் எழும் சிரிப்புக்காக மேடையில் இருப்பவர் நிற்க மாட்டார். வீட்டில் கைப்பேசியில் பார்த்தால் அந்தப் பாதியும் இல்லை. இருபதாயிரம் பேர் கொள்ளும் ஓ டூ மாதிரி அரங்கத்திலும், தொலைவில் உட்கார்ந்தவர் பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதிவு மூன்று பேருக்குத் தேவை: படுக்கையில் இருக்கும் முதியவருக்கு, வெளிநாட்டில் இருப்பவருக்கு, மேடையில் பார்த்துவிட்டு வந்து ஒரு வரியை மறுபடி கேட்க ஆசைப்படுபவருக்கு.

யார் எதைத் தேர்வது என்று கேட்டால், என் பதில் ஆளுக்கு ஆள் மாறும். கேசட்டிலேயே வளர்ந்து, குழுவின் ஒவ்வொரு வரியும் தெரிந்தவர் ஒருமுறையாவது சென்னைக்குப் போகட்டும்; அவரைப் போன்றவர்களுக்கு நடுவில் அவர் உட்கார வேண்டும். குழுவில் எழுபதைத் தாண்டியவர்கள் இருந்தால் அடுத்த வாய்ப்பிலேயே போகட்டும். பிள்ளைகளையும் அம்மாவையும் அத்தையையும் சேர்த்து அழைத்துப் போக நினைப்பவர் மதுரை அரங்கத்துக்குக் காத்திருக்கலாம். எந்தக் குழுவின் மீதும் தனி ஈடுபாடு இல்லாமல், மேடை நகைச்சுவை எப்படி உயிரோடு இயங்குகிறது என்று பார்க்க விரும்பும் இளைஞர் முதலில் கொட்டகைக்குப் போகட்டும்; அதன் பிறகு சபா நாடகத்தைப் பார்க்கும்போது நிறுத்தங்கள் எல்லாம் கண்ணில் படத் தொடங்கும்.

மதுரை அரங்கம் என்று முடிவுசெய்தவர்களுக்கு ஒன்று. முதல் இரண்டு வரிசைகளை விட்டுவிடுங்கள். மேடை உயரமாக இருப்பதால் பின்னால் நிற்கும் நடிகரின் முகம் மறைந்துவிடும். நான்காவது வரிசையிலிருந்து எட்டாவது வரிசைக்குள், நடுப்பகுதியில், பக்கவாட்டு ஒலிபெருக்கிகளிலிருந்து தள்ளி இடம் பிடியுங்கள். அறிவிப்பு வந்த நாளிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கூடவே, அந்த நாடகத்தை இதுவரை பார்த்திராத ஒருவரையும் அழைத்துப் போங்கள். உங்களுக்குத் தெரிந்த வரிக்கு அவர் முதன்முறையாகச் சிரிக்கும்போது, மேடையில் இருப்பவருக்கும் அது கேட்கும்.